உத்திரத்தின் அடிப்பக்கம்

மழை தொடங்கி அரைமணி நேரம் கழித்துத்தான் ஹெட்டி மில்பர்னின் வீட்டில் ஒழுகத் தொடங்கும். மழை நின்ற பிறகு இன்னும் ஒரு மணி நேரம் ஒழுகும். வானத்தைப் பார்த்து ஒழுகாமல், யாரோ சொன்ன நேரத்துக்கு ஒழுகுவதுபோல ஒழுகும். இது ஒரு புதிர்.

ஒழுகும் இடம் இன்னொரு புதிர். கூரையில் உடைந்த ஓடுகள் மூன்று. மூன்றும் தெருப்பக்கச் சுவருக்கு நேர் மேலே. சொட்டு விழுவதோ அறையின் நட்டநடுவில், அவள் புருஷன் மாட்டியின் தலையணை மேல். அந்த இடத்துக்கு மேலே ஓடுகள் பல்வரிசைபோலக் கச்சிதமாக இருந்தன. மாட்டி ஒருநாள் பிஸ்கட் டின்னைத் தட்டித் தகடாக்கி, உடைந்த ஓடுகளுக்கு அடியில் செருகினான். அடுத்த மழையில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

மாட்டி, வட இங்கிலாந்தில் டைன் நதிக்கரைக் கப்பல் பட்டறையில் பத்தொன்பது வருஷம், இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்தவன். பட்டறை மூடிய பிறகு சும்மா இருந்தான். சும்மா இருப்பதற்கும் நெஞ்சு ஒத்துழைக்கவில்லை. டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. "ஈரம் படாம பார்த்துக்கோங்க, அது போதும்" என்றார். மாடியில் ஒரே ஒரு அறை இருக்கிறவர்களிடம், அதிலும் அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறவர்களிடம், அதைச் சொன்னார்.

ஹெட்டி வீட்டுக்காரரின் ஏஜென்ட் லெய்ட்லரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் அறை வாசலில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார்.

"சொட்டு விழுற இடத்துக்கு மேல ஓட்டை இல்ல. ஓட்டை இருக்கிற இடத்துல சொட்டு இல்ல. அப்போ கணக்குப்படி இது ஒழுகல."

"அந்தத் தலையணையைத் தொட்டுப் பாருங்க."

"தலையணை உங்களோடது, மிஸஸ் மில்பர்ன். கூரைதான் எங்களோடது."

ஒரு ஆள், ஒரு ஏணி, அரைநாள். மேலே ஏறித் தேடிப் பார்க்க அவ்வளவுதான் வேண்டும் என்று ஹெட்டி கணித்திருந்தாள். ஐந்து வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படியிருக்கையில்தான், 1936ஆம் வருஷம் அக்டோபரில், லண்டனிலிருந்து மக்கள் வாழ்வுத் திரைப்படப் பிரிவு இரண்டு லாரிகளில் வந்து சேர்ந்தது.

அந்தப் பிரிவின் டைரக்டர் ஆஷ்கோம்ப்புக்கு இருபத்தேழு வயசு. உழைக்கும் மக்களோடு பழக வேண்டும் என்பதற்காகப் புதிதாக ஒரு தொழிலாளித் தொப்பி வாங்கிப் போட்டிருந்தார். விலைச்சீட்டின் நூல் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழை ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நாட்டுக்குக் காட்டப்போகிறோம் என்றார். பணம் போடுவது ஓர் எரிவாயு அடுப்புக் கம்பெனி. வீட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நகரசபை.

"இது நடிப்பு இல்ல, மிஸஸ் மில்பர்ன்" என்றார். "நாங்க எதையும் உருவாக்கறது இல்ல. இருக்கறதை இருக்கற மாதிரியே எடுக்கறோம். நீங்க நீங்களாவே இருந்தா போதும். அதுக்கு உங்களுக்கு மூணு நாள் பயிற்சி கொடுப்போம்."

லண்டனிலிருந்து ஆள் வருகிறது என்று ஹெட்டி முந்தின நாளே திரைச்சீலையைத் துவைத்திருந்தாள். கணப்பு அடுப்பைக் கறுப்பு மெழுகால் கண்ணாடிபோலத் தேய்த்திருந்தாள். அந்தத் தெருப் பெண்கள் எல்லோரையும்போல வாசற்படியைக் கழுவி, விளிம்பில் வெள்ளைக்கல்லால் கோடு இழுத்திருந்தாள். வேலை இல்லாத வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே கௌரவம் அந்தக் கோடுதான்.

ஆஷ்கோம்ப்பின் உதவியாளர் ஒரு வாளிச் சேற்றைக் கொண்டுவந்து அந்தப் படியில் ஊற்றிப் பரப்பினார். திரைச்சீலைக்குக் கரி பூசினார். எதிர்வீட்டு பெல்லா ஸ்டோக்கோ இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"ஏ ஹெட்டி! லண்டன்ல இருந்து ஆள் வெச்சு வீட்டை அழுக்காக்குறியாமே! என்கிட்டச் சொல்லியிருந்தா என் புருஷன் சும்மாவே செஞ்சிருப்பானேடி!"

"வாயை மூடு பெல்லா. இவங்களால கூரை சரியாகும்."

அடுத்து மச்சு. மேலே பூசியிருந்த சாந்து ஏற்கெனவே அங்கங்கே உதிர்ந்திருந்தது. உதிர்ந்தது போதாது என்று மீதியையும் கடப்பாரையால் தட்டி இறக்கினார்கள். இப்போது கட்டிலிலிருந்து பார்த்தால் கூரையின் எலும்பெல்லாம் தெரிந்தது. புகைபோக்கிச் சுவரில் தொடங்கி எதிர்ச்சுவர்வரை ஒரு பெரிய உத்திரம் குறுக்கே ஓடியது. அதன்மேல் சாய்வாகக் கைமரங்கள், அதற்கும் மேலே ஓடுகள். நூறு வருஷப் புகையில் எல்லாமே கரிக்கறுப்பு. ஒற்றை ஜன்னல் வெளிச்சத்தில் அங்கே எது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

கட்டிலை ஹெட்டி அதற்குள் ஜன்னலோரமாக, சொட்டுக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தியிருந்தாள். காற்று அடிக்கும், ஆனாலும் காய்ந்த இடம். அதை நடுவறைக்கு இழுத்து, சொட்டுக்கு நேர் கீழே நிறுத்தி, நாலு கால்களைச் சுற்றியும் சாக்கட்டியால் கோடு போட்டார்கள்.

மழைதான் வரவில்லை. டைன் கரையில் அக்டோபரில் ஒரு வாரம் வெயில் அடிக்கும் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்த வாரம் அடித்தது. ஆஷ்கோம்ப் தீயணைப்பு நிலையத்துக்குத் தந்தி கொடுத்தார். ஆறுபேர் வந்து குழாய் வைத்துக் கூரைமேல் ஒரு மணி நேரம் தண்ணீர் பீய்ச்சினார்கள். தெருவில் சுள்ளென்று வெயில். ஒரே ஒரு வீட்டின்மேல் மட்டும் புயல்.

உள்ளே விளக்குகள். அந்த வீட்டில் மின்சாரம் கிடையாது. எனவே ஒரு லாரியே மின்சாரம் தயாரித்து, கைப்பருமன் கம்பி வழியாக ஜன்னலுக்குள் அனுப்பியது. கேமராவுக்கு நம் கண்ணைப்போலச் சாமர்த்தியம் போதாது. நமக்கு நிழலாகத் தெரிவது அதற்கு வெறும் இருட்டு. அதனால் நாலு பெரிய விளக்குகளை மேல்நோக்கித் திருப்பிப் போட்டார்கள். அந்தக் கூரையின் உட்புறம் கட்டப்பட்ட நாளிலிருந்து அன்றுதான் முதன்முறையாக வெளிச்சம் கண்டது.

சொட்டுச் சத்தம் கேட்டது. ஐந்து வருஷப் புதிர் தலைக்கு மேலே வெட்டவெளிச்சமாக இருந்தது. அண்ணாந்தால் போதும்.

"மேல பார்க்காதீங்க!" என்றார் ஆஷ்கோம்ப்.

"ஒரே நிமிஷம் சார். எங்கேருந்து வருதுன்னு பார்த்துடறேன்."

"கூடாது, மிஸஸ் மில்பர்ன். நம்பிக்கை போனவங்க மேல பார்க்க மாட்டாங்க. கீழ பாருங்க. இன்னும் கீழ. ஆ, அதுதான் நீங்க!"

ஹெட்டி கீழே பார்த்தாள். எடுத்து முடித்ததும் விளக்கை அணைத்தார்கள்.

மாட்டியின் இருமலைத் தனியாக ஒலிப்பதிவு செய்தார்கள். மாட்டி நன்றாகவே இருமினான்; அவனுக்கு அதில் அனுபவம் உண்டு. ஒலிப்பதிவுக்காரர் காதுக்குழலைக் கழற்றிவிட்டு டைரக்டரிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க, மிஸ்டர் மில்பர்ன்" என்றார் ஆஷ்கோம்ப். "உங்க இருமல்ல கொஞ்சம் வட்டார வாடை இருக்கு. நாடு முழுக்கப் போற படம். லண்டன்ல ஒரு நல்ல இருமல் வெச்சிருக்கோம், அதைச் சேர்த்துக்கறோம்."

"சேர்த்துக்குங்க சார்" என்றான் மாட்டி. "என்னோடதையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா இன்னும் சந்தோஷம்."

கடைசி நாள் ஹெட்டியைப் பேசச் சொன்னார்கள். மனசில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றார்கள். ஹெட்டியிடம் அது தயாராக இருந்தது. கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"ஒரு ஆள், ஒரு ஏணி, அரைநாள் வேலை. அதுக்கு மேல நாங்க எதுவும் கேக்கல. வீட்டுக்காரர் பேரு நகரசபை ஆல்டர்மன் ப்ரௌட்லாக். எம் புருஷனுக்கு ஈரம் ஆகாது. இன்னும் எத்தனை காலம் நாங்க தாங்குவோம்?"

ஆஷ்கோம்ப்பின் கண்கள் கலங்கியிருந்தன. பொய்க் கலக்கம் இல்லை. அவர் ஹெட்டியின் கையைப் பற்றிக்கொண்டார்.

"இதை ஜனங்க பார்த்த மூணே மாசத்துல நீங்க புது வீட்ல இருப்பீங்க. இது என் வாக்கு."

ஹெட்டி வீட்டில் இருந்த கடைசி ரொட்டியை அறுத்து, நடுவில் பட்டாணிக் களி தடவி அவருக்குக் கொடுத்தாள். "நிஜமான ரொட்டி!" என்று அதிசயப்பட்டபடி முழுவதையும் தின்றார். அன்று ஹெட்டியும் மாட்டியும் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

போகும்முன் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். "எதையும் நகர்த்தக்கூடாது, பழுது பார்க்கக்கூடாது. கடிதம் வரும்வரை." ஆஷ்கோம்ப் பொறுமையாக விளக்கினார். ஒரு காட்சியில் கட்டில் இங்கே இருந்து, அடுத்ததில் அங்கே போய்விட்டால் பார்க்கிறவர்கள் பொய் என்று நினைத்துவிடுவார்கள். மறுபடி எடுக்க வேண்டி வந்தால் எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும்.

"உண்மைக்குத் தொடர்ச்சி ரொம்ப முக்கியம், மிஸஸ் மில்பர்ன்."

கடிதம் வரவில்லை. நவம்பரில் மழை வந்தது. கட்டில் கோட்டுக்குள் இருந்தது. மாட்டி தலைமாட்டைக் கால்மாட்டாக மாற்றிப் படுத்தான். சொட்டு காலில் விழுந்தது, ஈரம் நெஞ்சுக்கு ஏறியது.

"ஜன்னல் பக்கம் இழுத்துடலாமா மாட்டி?"

"வாக்குக் கொடுத்திருக்கோம் புள்ள. அந்த மனுஷன் நமக்காக அழுதாரு. அவர் படத்தை நாமளே கெடுக்கறதா?"

தரையைக் கழுவுகிறபோதெல்லாம் சாக்கட்டிக் கோடு மங்கியது. ஹெட்டி கடையில் ஒரு சாக்கட்டி வாங்கிவந்து, மண்டியிட்டு, நாலு கால்களைச் சுற்றியும் மறுபடி போட்டாள். பதினாலு மாதம் அப்படிப் போட்டாள். லெய்ட்லர் இரண்டு முறை வந்து தாளைப் படித்து, "நான் பழுது பார்க்கலாம்னுதான் இருந்தேன். இதுல கூடாதுன்னு போட்டிருக்கே" என்று திருப்தியோடு திரும்பிப் போனார்.

பெல்லாதான் ஒருநாள் செய்தித்தாளோடு மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"அடியே, உன் படம் லண்டன்ல ஓடி ஒரு வருஷம் ஆச்சாமே! பரிசு வாங்கிடுச்சாம். நம்ம ஊருக்கு இப்பத்தான் வருது. ஆல்டர்மன் பேசுறாரு."

ஹெட்டி முதலில் கட்டிலைப் பார்த்தாள். பிறகு தரையில் நேற்றுப் போட்ட கோட்டைப் பார்த்தாள். கட்டிலை ஒரே இழுப்பில் ஜன்னலோரம் தள்ளிவிட்டு, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சினிமாக் கொட்டகை நிறைந்திருந்தது. திரையில் சேறு படிந்த படி வந்தபோது பின்வரிசையில் யாரோ "ச்சீ" என்றார்கள். ஹெட்டி வெட்கத்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். அவளுடைய குனிந்த முகம் சுவரளவு பெரிதாக வந்தது. லண்டன் இருமல் ஒன்று கணீரென்று கேட்டது. பிறகு திரையில் ஹெட்டி வாயைத் திறந்தாள். ஒரு ஆள், ஒரு ஏணி என்று வரப்போகிறது. அவளுடைய வாய் அசைந்தது. கேட்டதோ ஒரு கனவானின் குரல்.

"இவர்கள் கேட்பது என்ன? நவீன வாழ்க்கை. ஒரு திருகலில் எரியும் சுத்தமான அடுப்பு!"

படம் முடிந்ததும் ஆல்டர்மன் ப்ரௌட்லாக் மேடையேறினார். நகரசபை வீட்டுவசதிக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியோர்களே, இந்தக் கூரையைப் பார்த்து என் மனம் கொதிக்கிறது. இது நம் ஊரிலா இருக்கிறது? இப்படி ஒரு வீட்டை வாடகைக்கு விடுகிற மனிதன் யார் என்று கேட்கிறேன். அவன் இந்தச் சபையில் இருந்தால் வெட்கப்படட்டும்! இவர்களை உடனே இடம் மாற்ற வேண்டும் என்று கமிட்டியில் நானே தீர்மானம் கொண்டுவந்தேன். செலவு அதிகம் என்று நானே எதிர்த்தேன். அதுதான் ஜனநாயகம்!"

பலத்த கைதட்டல். ஹெட்டி எழுந்து நின்றாள். "நீங்கதான் சார் அந்த ஆள்!" என்று சொல்ல வாயெடுத்தாள். அதே நொடியில், காட்சி முடிவில் எப்போதும் போடும் அரசர் வாழ்த்துப் பாட்டான ராஜகீதம் தொடங்கியது. கொட்டகை முழுவதும் எழுந்து நின்றது. நின்றவர்களுக்கு நடுவில் இன்னொருத்தி நிற்பதை யாரும் பார்க்கவில்லை. கீதம் முடிந்தபோது ஆல்டர்மன் காரில் ஏறியிருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். படத்தில் பார்த்த கூரையை நேரில் பார்க்க லண்டன் சீமாட்டிகள், கல்லூரி மாணவர்கள், ஒருமுறை ஸ்வீடன் நாட்டுக் குழு ஒன்று. எல்லோரும் ஹெட்டியைக் கீழே பார்க்கச் சொல்லிப் புகைப்படம் எடுத்தார்கள். ஹெட்டி நகரசபைக்குப் போய் வீட்டுவசதி ஜன்னலில் இருந்த குமாஸ்தா டூலிப்பிடம் புது வீட்டுப் பட்டியலில் தன் பெயர் உண்டா என்று கேட்டாள்.

"உங்க பேரா?" டூலிப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மிஸஸ் மில்பர்ன், உங்க வீட்டை நாடே பார்த்திருக்கு. உங்களை அங்கேருந்து எடுத்துட்டா, அந்த அவலத்தை நாங்க எங்கே போய்க் காட்டறது? வேற ஒரு குடும்பத்தை அந்த நிலைமைக்குக் கொண்டுவர எத்தனை வருஷம் ஆகும்!"

பிறகு யுத்தம் வந்தது. பட்டறைகள் திறந்தன. ரிவெட் அடிக்கிற ஆட்களைத் தேடித்தேடிக் கூப்பிட்டார்கள். மாட்டியையும் கூப்பிட்டார்கள், அவன் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இருட்டடிப்புச் சட்டத்துக்காக ஜன்னலில் கறுப்புத் துணி மாட்டியதில், இருந்த வெளிச்சமும் போயிற்று. ஜன்னல் கண்ணாடியில் விரிசல் விழுந்து காற்று நேராக நெஞ்சில் அடித்தது. கட்டில் பழையபடி நடுவறைக்கே வந்தது, கோடு இல்லாமல். தலைமாட்டில் ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு மாட்டி பாதி உட்கார்ந்தபடியே தூங்கினான்.

1941 வசந்தத்தில் ஒரு திங்கட்கிழமை, பெல்லா மறுபடி மாடியேறி வந்தாள்.

"ஏ ஹெட்டி! உன் கூரை மேல ஜெர்மன்காரன் குண்டு போட்டுட்டானாமே! சினிமாக் கொட்டகையில காட்டுறாங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

ஹெட்டி மத்தியானக் காட்சிக்குப் போனாள். பெரிய படத்துக்கு முன்னால் ஒரு சிறிய படம். இப்போது ஆஷ்கோம்ப்பின் திரைப்படப் பிரிவு அரசாங்கத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தது. முரசு ஒலித்தது. "எதிரி நம் இல்லங்களைத் தாக்கினான்" என்றது அதே கனவானின் குரல். அடுத்து அவளுடைய கூரை: கடப்பாரையால் சாந்து தட்டிய மச்சு, தீயணைப்பு நிலையத்தார் பீய்ச்சிய தண்ணீர். முதல் படத்தில் கூரை வந்தது வேறு காட்சி; இது அப்போதே எடுத்து, அதில் சேர்க்காமல் வைத்திருந்தது. குண்டு விழுந்த வீடாக அது வெகு பொருத்தமாக இருந்தது.

அதற்கடுத்து ஹெட்டியின் முகம். இந்த முறை அவளுடைய சொந்தக் குரல்.

"நாங்க தாங்குவோம்."

அவ்வளவுதான். திரை அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. கொட்டகை அதிரக் கைதட்டியது. பக்கத்து இருக்கைக்காரி மூக்கைச் சிந்தினாள்.

இது எப்படி நடந்தது என்று பின்னால் ஹெட்டி யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தாள். பேசும் படத்தில் பேச்சு, படச்சுருளின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாகப் பதிந்திருக்கும். கோட்டை எங்கே வேண்டுமானாலும் கத்தரிக்கலாம். "ஒரு ஆள், ஒரு ஏணி" என்பது ஒரு முழம் நீளம். ப்ரௌட்லாக்கின் பெயர் ஒரு சாண். "இன்னும் எத்தனை காலம்" என்பதும் ஒரு சாண்தான். அத்தனையையும் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் கடைசியில் ஒரு துண்டு மிஞ்சும். அவள் கேட்டது கேள்வி. அதன் தலையைச் சீவி, வாலைப் பதிலாக ஆக்கியிருந்தார்கள். அழுதவர் ஆஷ்கோம்ப். கத்தரித்ததும் அவராகத்தான் இருக்க வேண்டும். படத்தின் முகப்பில் அவர் பெயர்தான் இருந்தது.

ஆனால் அன்று கொட்டகையில் அவள் மனசில் இன்னொன்றும் சிக்கியிருந்தது. கூரைக் காட்சி ஓடிய அந்த இரண்டு நொடியில், உத்திரத்தின் அடிப்பக்கம் ஏதோ மினுங்கியதுபோல இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் நகரசபைக்குப் போனாள். ஆட்களெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால், வீட்டுவசதி ஜன்னலுக்கும் பக்கத்திலிருந்த யுத்தச் சேத ஜன்னலுக்கும் டூலிப் ஒருவரே. ஹெட்டி முதல் ஜன்னலில் நின்றாள்.

"கூரை இன்னும் ஒழுகுது சார்."

"மிஸஸ் மில்பர்ன்! உங்க வீடு குண்டு விழுந்த வீடாச்சே. நேத்துதான் பார்த்தேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அது பழைய வீட்டுப் பிரச்சினை இல்ல. யுத்தச் சேதம். அந்த ஜன்னலுக்குப் போங்க."

ஹெட்டி அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தாள். டூலிப் எழுந்து, கையில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு, அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா. பேரு?"

"இப்பத்தானே சார் பேசினோம்!"

"அது வேற ஜன்னல்."

பேரைச் சொன்னாள். டூலிப் கட்டுகளைப் புரட்டினார். "இந்தக் கூரை யுத்தத்துக்கு முன்னாடியே இப்படித்தான் இருந்திருக்கு. 1936லயே படம் எடுத்திருக்காங்க. பரிசெல்லாம் வாங்கியிருக்கு. அரசாங்கத்தை ஏமாத்தப் பாக்கறீங்களா? குண்டு விழுந்த தேதி சொல்லுங்க பார்ப்போம்."

"குண்டே விழல சார்."

"பார்த்தீங்களா, நீங்களே ஒத்துக்கறீங்க."

"அப்போ அந்த ஜன்னல்ல பழைய வீடுன்னு எழுதிக்குங்க."

"எப்படி முடியும்? குண்டு விழுந்த வீடுன்னு அரசாங்கப் படத்துலயே வந்திருக்கே." டூலிப் குரலைத் தாழ்த்தினார். உண்மையிலேயே இரக்கப்பட்டார். "மிஸஸ் மில்பர்ன், நான் ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்கோங்க. தாங்குவோம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. நாடே கேட்டுச்சு. இப்போ வந்து தாங்க முடியலேன்னு சொன்னா நல்லாவா இருக்கு?"

ஹெட்டி படியிறங்கி வந்து தெருவில் நின்றாள். மாட்டிக்கு ஒரு காய்ந்த படுக்கை. இதற்குமேல் அவள் எதையும் கேட்டதில்லை. ஆள் வரப்போவதில்லை, ஏணி வரப்போவதில்லை என்று அன்றுதான் அவளுக்குத் தீர்மானமாகத் தெரிந்தது. மிச்சமிருந்தது அந்த மினுக்கம் மட்டும். அந்த ஊர்க் கொட்டகையில் வியாழக்கிழமை படம் மாறிவிடும். இன்னும் இரண்டு நாள்.

அன்று மத்தியானம் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கழுத்து வலித்தது. கூரை வந்தது, போயிற்று. மினுக்கம் இருந்தது நிச்சயம். எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதற்குள் முகம் வந்துவிட்டது. "இந்த மூஞ்சி ஒண்ணு குறுக்க" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். வெளியே போகாமல் உட்கார்ந்து சாயங்காலக் காட்சியில் மறுபடி பார்த்தாள். இந்த முறை முகத்தையும் ஓட்டையையும் விட்டுவிட்டு உத்திரத்தை மட்டும் பார்த்தாள். புகைபோக்கிப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளிக் கோடு.

புதன்கிழமை நடு வரிசை. அங்கிருந்துதான் முழுக் கூரையும் தெரிந்தது. காட்சி வந்ததும் எழுந்து நின்று கையை நீட்டினாள்.

"அதோ! அதோ!"

"உக்காருங்கம்மா" என்றது பின்வரிசை. சிலர் கைதட்டினார்கள்.

வெளிவாசலில் நீண்ட மேல்கோட்டு போட்ட ஒருவர் குறிப்பேட்டோடு நின்றிருந்தார். மக்கள் படத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதி அனுப்புவது இப்போது ஆஷ்கோம்ப்பின் வேலைகளில் ஒன்று. தொப்பி மாறியிருந்தது. ஹெட்டிதான் முதலில் அடையாளம் கண்டாள். அவர் ஒரு நொடி திகைத்தார். அவர் நினைவில் இருந்தது அவளுடைய குனிந்த தலைதான்.

"மிஸஸ் மில்பர்ன்! நீங்கதானா அது? நடுத்தர வயசுப் பெண், உழைக்கும் வர்க்கம், ஒரே படத்தை நாலு தடவை பார்த்தார், கடைசியில் எழுந்து நின்றார். எழுதி வெச்சிருக்கேன்! இதைவிட என்ன வேணும்!"

"நான் கேட்ட கேள்வியை எங்க சார் போட்டீங்க?"

"எந்தக் கேள்வி?"

"எத்தனை காலம்னு கேட்டேன். பேரும் சொன்னேன்."

ஆஷ்கோம்ப் அவளை அன்போடு பார்த்தார். "அம்மா, நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட நாங்க மாத்தல. ஒரு வார்த்தைகூடச் சேர்க்கல. கொஞ்சம் எடுத்தோம், அவ்வளவுதான். ஒரு தனி ஆள் பேரு, ஒரு ஏணி, இதெல்லாம் போனப்புறம் பாருங்க, எவ்வளவு பெரிசா ஆயிடுச்சு! நீங்க இனிமே ஒரு மிஸஸ் மில்பர்ன் இல்ல. நீங்க ஜனங்க!"

"எம் புருஷன் நனையறாரு சார். பதினாலு மாசம் உங்க கோட்டுக்குள்ள படுத்திருந்தாரு."

"எந்தக் கோடு?" என்று கேட்டார் ஆஷ்கோம்ப். அவருக்கு உண்மையாகவே நினைவில்லை.

ஹெட்டியிடம் திட்டுவதற்கு எத்தனையோ இருந்தன. டைன் கரையில் அதற்குத் தனி அகராதியே உண்டு.

"அன்னைக்கு ரொட்டி நல்லா இருந்துச்சா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓ, அருமை!"

"அது எங்க ராத்திரிச் சாப்பாடு."

சொல்லிவிட்டு நடந்தாள். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதுவது முதுகுப்பக்கம் கேட்டது.

வீட்டுக்கு வந்து மேஜையை உத்திரத்துக்கு அடியில் இழுத்தாள். மாட்டி கட்டிலில் சாய்ந்தபடி பார்த்தான்.

"என்ன புள்ள தேடுற?"

"சுத்தியல். ஆணி. துணி காயப்போடுற கயிறு கொஞ்சம். நீ எந்திரி. உன் கை வேணும்."

மாட்டியை மேஜைமேல் ஏற்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தபடியே சொல்லிக்கொடுத்தாள். புகைபோக்கியின் அடியில் கூரையோடு சேருமிடத்தில் ஓர் ஈயத்தகடு உண்டு. அது தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். மழை பெய்தால் முதலில் புகைபோக்கியின் செங்கல் குடிக்கிறது, ரொட்டி பாலைக் குடிப்பதுபோல. அதற்குத்தான் அந்த அரைமணி. வயிறு நிறைந்ததும் கக்குகிறது. மழை நின்றாலும் கக்கி முடிக்க ஒரு மணி நேரம். அந்தத் தண்ணீர் கீழே விழாமல் உத்திரத்தின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, பல்லிபோலத் தலைகீழாக எட்டடி ஓடுகிறது. வயசாகி உத்திரம் நடுவில் தொய்ந்திருக்கிறது. தொய்ந்த இடம் வந்ததும் அதற்கு மேலே ஏற முடியாமல் விழுகிறது. அங்கேதான் தலையணை.

"இதை யாரு உனக்குச் சொன்னா?" என்றான் மாட்டி.

"யாரும் சொல்லல. படத்துல இருந்துச்சு. வெட்ட மறந்துட்டாங்க."

மாட்டி சிரித்தான், இருமினான், ஓங்கினான். பட்டறையில் பத்தொன்பது வருஷம் அடித்த கை. மூன்றே அடி.

வெள்ளிக்கிழமை மழை பெய்தது. அரைமணி கழித்து இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஆணி, புகைபோக்கிச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, உத்திரத்தின் அடிப்பக்கம், தலை கீழ்நோக்கி அடிக்கப்பட்டிருந்தது. ஆணியில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனை மூலையிலிருந்த வாளிக்குள் தொங்கியது. உத்திரத்தில் ஓடிவந்த தண்ணீர் ஆணியில் தடுக்கி, கயிறு வழியாக வாளிக்குள் இறங்கியது. கட்டில் காய்ந்திருந்தது.